முன்தோல் சத்திரசிகிச்சை: தகப்பனுக்குத் தேவை, மகனுக்குத் தேவையில்லை

கேள்வி: எனக்கு வயது 46. ஏழு வருசமாகச் சீனி வருத்தம். சில மாதமாக ஆணுறுப்பின் முன்தோல் இறுகிவிட்டது. பின்னுக்கு இழுத்தால் வெடித்து இரத்தம் கசிகிறது, சலம் போகும்போது எரிகிறது. கிறீம் பூசினால் சுகம் வரும், விட்டால் திரும்ப வரும். முன்தோலை வெட்டி எடுக்கவேண்டும் என்கிறார் டொக்டர். நாங்கள் சைவ சமய ஆக்கள், இது முஸ்லிம் ஆக்கள் செய்வதல்லவா என்று வீட்டில் தயங்குகிறார்கள். எத்தனை நாள் வேலைக்குப் போகமுடியாது? குடும்ப வாழ்க்கைக்குப் பாதிப்பு வருமா? எங்கள் 4 வயது மகனுக்கும் முன்தோல் பின்னுக்குப் போகவில்லை. இரண்டு பேருக்கும் ஒன்றாகச் செய்துவிடலாமா?
— கோண்டாவில் வாசகர் ஒருவர்

பதில்: நீங்கள் செய்துகொள்ளுங்கள். மகனுக்கு வேண்டாம். வெளியே பார்க்க இரண்டும் ஒன்றுபோலத் தெரிந்தாலும் காரணம் வேறு.

இரத்தத்தில் சீனி மிகவும் கூடினால் சலத்திலும் சீனி போகும். சலம் போனபின் முன்தோலுக்குள் தங்கும் ஈரத்தில் பங்கசு நன்றாக வளரும். தோல் சிவந்து, கடித்து, வெடிக்கும். வெடித்த இடம் தழும்பாக ஆறும்போது முன்தோலின் வாய் சுருங்கும். சுருங்கிய தோலுக்குள் கழுவமுடியாது, ஆகவே திரும்பவும் பங்கசு. கிறீமால் இனி இதை நிறுத்தமுடியாத கட்டத்துக்கு நீங்கள் வந்துவிட்டதாகவே உங்கள் விவரத்திலிருந்து விளங்குகிறது. இதில் சமயம் எங்கும் வரவில்லை. நோய்ப்பட்ட தோலை எடுக்கிறோம், அவ்வளவுதான். நடுத்தர வயதில் ஒருவருக்குப் புதிதாக முன்தோல் இறுகினால், சீனி வருத்தமே இல்லை என்று அவர் சொன்னாலும் முதலில் இரத்தத்தைச் சோதிக்க அனுப்புவேன். சிலருக்கு வருத்தம் முதன்முதலாகத் தெரியவருவதே இப்படித்தான்.

திகதி குறிக்க முன்னர் உங்கள் குளிசைகளைப் பார்க்கவேண்டும். எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் ஆகிய இரண்டும் சீனியைச் சலத்தின் வழியே வெளியேற்றுபவை, அதனால் இந்தப் பங்கசுத் தொல்லையைக் கூட்டக்கூடியவை. அஸ்பிரின், குளோபிடோகிறெல், வார்ஃபரின் எடுப்பவர்களுக்கு இரத்தம் நிற்கத் தாமதமாகும். எதையும் நீங்களாக நிறுத்தவேண்டாம், கிளினிக் கொப்பியோடு வந்து காட்டுங்கள். கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சீனியைக் காட்டும் எச்பிஏ1சி இரத்தப் பரிசோதனையில் அளவு 8.5 வீதத்துக்கு மேலே இருந்தால், அவசரமில்லாத சத்திரசிகிச்சையைத் தள்ளிவைத்துச் சீனியை முதலில் குறைப்பதே நல்லது என்பது என் நிலைப்பாடு. கூடின சீனியில் புண் ஆறாது, எளிதில் சீழ் பிடிக்கும்.

அன்றைய நாளைப் பற்றி அதிகம் பயப்பட ஒன்றுமில்லை. பெரியவர்களுக்குப் பெரும்பாலும் உறுப்பின் அடியில் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்தே வெட்டுவோம். ஊசி சில விநாடி நன்றாக எரியும். அதன்பின் தொடுவதும் இழுப்பதும் தெரியும், வலி தெரியாது. தெரிந்தால் உடனே சொல்லுங்கள், இன்னும் மருந்து போடலாம். அரை மணியிலிருந்து முக்கால் மணிக்குள் வேலை முடியும். தையல் தானாகக் கரையும் நூலில் போடுவதால் பிரிக்க வரவேண்டியதில்லை. அநேகமாக அன்றே வீடு போகலாம். மோட்டார் சைக்கிளில் வந்துவிடாதீர்கள், யாரையாவது கூட்டிக்கொண்டு ஓட்டோவில் வாருங்கள். தோலில் வெள்ளைத் தழும்போ சந்தேகமான தடிப்போ இருந்தால் வெட்டிய துண்டைப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். அந்த அறிக்கையைக் கேட்டு வாங்காமல் விடுவோர் பலர், நீங்கள் விடாதீர்கள்.

ஆக்கள் உண்மையில் கஷ்டப்படுவது வீட்டுக்குப் போன பிறகு. ஊசியின் மரப்பு சில மணி நேரத்தில் விடும், அதற்கு முன்னரே பனடோலைப் போட்டுவிடுங்கள். 500 மில்லிகிராம் குளிசை இரண்டு, ஆறு மணிக்கு ஒருதரம், நாளுக்கு எட்டைத் தாண்டக்கூடாது. ஈரல் வருத்தம் உள்ளவர்களும் எடை மிகக் குறைந்தவர்களும் அளவைக் கேட்டே எடுக்கவேண்டும். பாமசியில் வேறு வலிக்குளிசை வாங்கவேண்டாம், சீனி வருத்தக்காரருக்கு அது சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். முதல் நான்கைந்து நாள் தோல் வீங்கிக் கண்டிப்போயிருக்கும், கீழ்ப்பக்கம் கூடுதலாக. பார்த்துப் பயந்து ஓடிவருவார்கள், அது வழக்கமான வீக்கம்தான். இதுவரை முன்தோல் மூடியிருந்த மொட்டு, அதாவது உறுப்பின் நுனி, இப்போது உடுப்பில் உரசும்போது கூசும், இரண்டு மூன்று கிழமையில் பழகிவிடும். வாசலின் பூசித் தளர்வாகச் சாரம் கட்டுங்கள். நித்திரையில் விறைப்பு வந்து தையல் இழுபடுவதுதான் பலரும் சொல்லும் பெரிய முறைப்பாடு. எழும்பிச் சலம் போய்விட்டுக் கொஞ்சம் நடந்தால் அடங்கும், அதனால் தையல் பிரிவது அரிது.

இரண்டாம் நாளிலிருந்து சுத்தமான தண்ணீரை ஊற்றிக் கழுவி, ஒற்றித் துடைக்கலாம். டெற்றோல், மஞ்சள், உப்புத்தண்ணி எதுவும் வேண்டாம். கீரிமலைக் கேணியும் கசூரினா கடற்கரையும் புண் முழுதாக ஆறும்வரை பொறுக்கட்டும். கிரந்தி என்று சொல்லி மீனையும் முட்டையையும் நிறுத்தி, சோறும் இரசமுமாகத் தருவது நம் வீடுகளில் அன்பினால் நடப்பது. புண் ஆறப் புரதம் வேண்டும், சீனிக்காரருக்கு வெறும் சோறு கேடு. மீன், முட்டை, பருப்பு எல்லாம் சாப்பிடுங்கள்.

இருந்து செய்யும் வேலை என்றால் ஒரு கிழமையில் போகலாம். தோட்டவேலை, பாரம் தூக்குதல், சைக்கிள், மோட்டார் சைக்கிள் இரண்டு கிழமைக்குப் பிறகு. உடலுறவுக்கு ஆறு கிழமை பொறுங்கள், ஆணுறை போட்டாலும் அதற்கு முன் வேண்டாம். முன்தோல் இல்லாததால் ஆண்மை குறைவதாக ஆய்வுகளில் தெரியவில்லை. உங்களுக்கு இப்போது இருக்கும் வலி போவதால் நிலைமை மேம்படவே வாய்ப்பு. ஆனால் சீனியால் வந்த விறைப்புக் குறைவு இருந்தால் இந்தச் சத்திரசிகிச்சை அதைத் தீர்க்காது, அதை டொக்டரிடம் தனியாகச் சொல்லுங்கள். மனைவிக்கும் கடியோ வெள்ளைபடுதலோ இருந்தால் அவரும் மருந்தெடுக்க வேண்டும்.

பத்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடித்தும் இரத்தம் நிற்காவிட்டால், சலம் போகமுடியாவிட்டால், காய்ச்சலோ சீழோ வந்தால், மொட்டு நீலமாகவோ கறுப்பாகவோ மாறினால், கிளினிக் நாள் பார்க்காமல் இரவென்றாலும் ஆசுப்பத்திரிக்கு வந்துவிடுங்கள். சத்திரசிகிச்சைக்கு நாள் கிடைக்கும்வரையும் ஒரு கவனம்: இறுகிய தோலைப் பின்னுக்கு இழுத்து அப்படியே விடாதீர்கள். முன்னுக்கு வராமல் சிக்கி மொட்டு வீங்கினால் அதுவும் அவசரம்தான்.

மகனுக்கு வருகிறேன். ஆண்பிள்ளைகள் பிறக்கும்போது முன்தோல் மொட்டோடு ஒட்டியே இருக்கும். அது வளர வளரத் தானாக விடுபடும், சிலருக்குப் பதின்வயது வரை எடுக்கும். 17 வயதில் பார்த்தால் நூற்றுக்கு ஒருவர் அளவுக்கே இறுக்கம் மிஞ்சியிருக்கும். சலம் போகையில் முன்தோல் சற்று ஊதுவதும், தோலுக்கடியில் வெள்ளை உருண்டைகள் தெரிவதும் இந்த வயதில் இயல்பு, உருண்டை சீழல்ல. குளிக்கவார்க்கும்போது அப்பம்மா எண்ணெய் பூசிப் பின்னுக்கு இழுப்பதுண்டானால் இன்றோடு நிற்பாட்டுங்கள். இழுத்து வெடித்தால்தான் தழும்பு விழுந்து உண்மையான இறுக்கம் வரும். வெளியே மட்டும் கழுவினால் போதும்.

சுன்னத்துச் செய்யக் காத்திருக்கும் குடும்பங்களும் இதை வாசிப்பீர்கள். குழந்தையின் சலத்துவாரம் நுனியில் இல்லாமல் கீழ்ப்பக்கம் இருந்தாலோ, உறவில் யாருக்காவது இரத்தம் உறையாத வருத்தம் இருந்தாலோ, டொக்டர் பார்க்கும்வரை செய்யவேண்டாம். துவாரத்தைச் சரிசெய்ய அந்த முன்தோல்தான் பின்னர் தேவைப்படலாம்.

உங்கள் மகனுக்கு முன்தோலின் வாய் வெள்ளையாகத் தடித்தால், அடிக்கடி வீங்கிச் சிவந்தால், காய்ச்சலோடு சலத்தில் கிருமி வந்தால் கொண்டுவாருங்கள். அப்போதும் பல பிள்ளைகளுக்கு ஸ்டீரொயிட் கிறீமை நாளுக்கு இரண்டு தரம், நான்கு முதல் எட்டுக் கிழமை பூசிப் பார்த்த பிறகே கத்தியைப் பற்றிப் பேசுவோம்.