திருகோணமலையிலிருந்து இருவர் முதன்முறையாக வாடகைக் கேம்பர்வானில் குறுகிய பயணம் செல்வதற்கு எவ்வாறு திட்டமிட வேண்டும்?

கேம்பர்வான் என்பது படுக்கை, சிறு அடுப்பு, தண்ணீர்த்தொட்டி ஆகியவற்றை உள்ளே கொண்ட வாகனம். முதற்பயணத்துக்கு இரண்டு இரவுகளே போதுமானவை. ஏனெனில் தண்ணீர், மின்சாரம், எரிவாயு மூன்றும் அதற்குள் அளவோடுதான் இருக்கின்றன; மின்வெட்டு நாளில் மேல்தொட்டித் தண்ணீரைக் கொண்டே வீட்டை நடத்துவது போன்ற கவனம் இதற்குத் தேவை.

மின்சாரத்தைப் பற்றியே அதிகம் யோசிக்க வேண்டும். விளக்குக்கும் குளிர்பெட்டிக்கும் மின்சாரம் தரும் தனிப் பற்றரி, பெரும்பாலும் இயந்திரம் ஓடும்போதே நிரம்புகிறது. ஆகவே ஒரே இடத்தில் நெடுநேரம் நிறுத்தினால் அது இறங்கிவிடும். குளிரூட்டிக்கு வெளி மின்னிணைப்பு வேண்டியிருக்கும் என்பதால், கடல் அமைதியாக இருக்கும் மே முதல் செப்டம்பர் வரையான வெப்பமான இரவுகளுக்கு, மின்னிணைப்புத் தரும் விடுதி வளவொன்றை முன்கூட்டியே பேசி வைப்பது மிக நல்லது. தண்ணீர் லீற்றருக்கு ஒரு கிலோ எடை என்பதால் தொட்டியும் பெரிதாக இராது.

வழியைச் சுருக்கமாக வையுங்கள். நகரிலிருந்து நிலாவெளி ஏறத்தாழ 15 கிலோமீற்றர். அங்கே ஓரிரவும் குச்சவெளிப் பக்கம் ஓரிரவும் தங்கினால், ஏதேனும் பழுதானாலும் நகருக்குத் திரும்புவது எளிது. வாகனத்தை ஏற்கும்போது காப்புறுதியையும், உங்கள் சாரதி அனுமதிப்பத்திரம் அந்த வாகன வகைக்குப் பொருந்துகிறதா என்பதையும் பாருங்கள். வாகனத்தை வாடகைக்குத் தருபவர் முன்னிலையிலேயே அடுப்பைப் பற்றவைத்துப் பார்க்க வேண்டும் என்பதை நான் வலியுறுத்துவேன்.

படுக்கை உள்ளேயே இருப்பதால் விரும்பிய கடற்கரையில் இரவு நிறுத்தலாம் எனப் பலர் கருதுகின்றனர். அது சரியன்று, காணி உரிமையாளரின் அல்லது அவ்விடத்துக்குப் பொறுப்பானவர்களின் அனுமதி வேண்டும்.