ஸ்பிரிங் கிரீன் போகலாமா? கேட்டவர்களுக்குப் பதில்

நான் இருப்பது அமெரிக்காவில், விஸ்கான்சின் மாநிலத்து மேடிசனில். ஊரிலிருந்து யார் வந்தாலும் பக்கத்தில் இருக்கிற ஸ்பிரிங் கிரீனுக்குக் கூட்டிக்கொண்டு போவது வழக்கம் என்று சொன்னேன், கேள்விகள் குவிந்துவிட்டன. வந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

சிகாகோவிலிருந்து: அக்கா, ஆயிரத்து சொச்சம் பேர் இருக்கிற ஊருக்கு மூன்றரை மணி நேரம் வண்டி ஓட்டி வர அப்படி என்ன இருக்கிறது? ஒரே நாளில் முடியுமா?

ஊருக்குள் பெரிதாக ஒன்றும் கிடையாது. பார்க்க வேண்டியது எல்லாம் விஸ்கான்சின் ஆற்றுப் பாலத்தைத் தாண்டி, தெற்கே 23ஆம் எண் நெடுஞ்சாலை ஓரத்தில். கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாயிட் ரைட் தனக்காகக் கட்டிக்கொண்ட டாலியெசின் வீடு, அலெக்ஸ் ஜோர்டன் என்பவர் பாறைமேல் கட்டி விநோதப் பொருட்களால் நிரப்பிய ஹவுஸ் ஆன் த ராக், காட்டுக்குள் ஷேக்ஸ்பியர் நாடகம் நடக்கிற ஒரு திறந்தவெளி அரங்கம், இந்த மூன்றும்தான். ஒரே நாள் என்றால் பகலில் ஒரு வீடு, இரவில் நாடகம், அவ்வளவே. இரண்டு வீட்டையும் ஒரே பகலில் திணித்தால் சாயங்காலம் தலைவலிதான் மிஞ்சும்.

கட்டடக் கலை மாணவி: டாலியெசினில் எதைக் கவனிக்க வேண்டும்?

முதலில் வீடு எங்கே நிற்கிறது என்று பாருங்கள். குன்றின் உச்சியைச் சும்மா விட்டுவிட்டு, அதற்குக் கொஞ்சம் கீழே சரிவைச் சுற்றி வளைத்து 1911இல் கட்டினார். அது அவருடைய அம்மா வீட்டாரின் பள்ளத்தாக்கு. சின்னப் பையனாக மாமாவின் பண்ணையில் வேலை செய்த இடம். அடுத்து சுவர். அக்கம்பக்கத்துக் குவாரிக் கல்லைச் செதுக்கி மழமழப்பாக்காமல், பாறையில் அடுக்கு எப்படி இருக்குமோ அப்படியே, சில கல் வெளியே துருத்திக்கொண்டு நிற்க அடுக்கியிருக்கிறார்கள், கையால் தடவிப் பார்க்கத் தோன்றும் (தடவக் கூடாது, வழிகாட்டி முறைப்பார்). நுழையும் இடத்தில் கூரை தலையில் இடிக்கிற மாதிரி தாழ்வாக இருக்கும், இரண்டு எட்டு வைத்தால் வரவேற்பறை சட்டென்று விரிந்து ஜன்னல் முழுக்கப் பள்ளத்தாக்கு. கூரை ஓரத்தில் மழைநீர்க் குழாய் கிடையாது, குளிர்காலத்தில் பனிக்கட்டி விழுதுவிழுதாகத் தொங்க வேண்டும் என்று வேண்டுமென்றே விட்டார். அழகுதான், கூரையைப் பராமரிக்கிறவர்களிடம் கேட்டால் வேறு மாதிரி சொல்வார்கள்.

அதே மாணவி: அங்கே கொலை நடந்தது என்கிறார்களே?

உண்மை. 1914இல் வேலையாள் ஒருவர் வீட்டுக்குத் தீ வைத்துக் கோடரியால் தாக்கியதில் ரைட்டின் துணைவி மேமா போர்த்விக், மேமாவின் இரண்டு குழந்தைகள் உட்பட ஏழு பேர் இறந்தார்கள். ரைட் அப்போது சிகாகோவில் இருந்தார். திரும்பக் கட்டினார். 1925இல் மறுபடி தீ, மறுபடி கட்டினார். 2019இல் அவருடைய எட்டுக் கட்டடங்களை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது, அதில் இதுவும் ஒன்று.

மில்வாக்கியிலிருந்து: ரைட்டின் சமாதி அங்கேதானே?

டாலியெசினுக்குப் பக்கத்தில் யூனிட்டி சேப்பல் என்று ஒரு சின்னத் தேவாலயம், அதன் பக்கத்தில் கல் இருக்கிறது, ஆள் இல்லை. 1959இல் அங்கேதான் புதைத்தார்கள். 1985இல் மனைவியின் விருப்பப்படி தோண்டி எடுத்து, எரித்து, சாம்பலை அரிசோனாவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். உள்ளூர்க்காரர்களுக்கு அந்தக் கோபம் லேசில் ஆறவில்லை.

ஒரு அப்பா: பையனுக்கு ஆறு வயது. ஹவுஸ் ஆன் த ராக் பிடிக்குமா?

பிடிக்கும், பாதி தூரம் வரை. பிறகு தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியிருக்கும், அத்தனை நீளம், பல இடம் இருட்டு வேறு. இன்ஃபினிட்டி ரூம் என்று 218 அடி நீளத்துக்கு ஒரு கண்ணாடி அறை, போகப் போகக் குறுகிக்கொண்டே பள்ளத்தாக்குக்கு மேல் அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும்; 3,264 ஜன்னல். அப்புறம் ஒரு ராட்டினம், அதில் 269 உருவங்கள், ஒரு குதிரைகூடக் கிடையாது. ஏற விடமாட்டார்கள், அதை முன்கூட்டியே பையனிடம் சொல்லிவிடுங்கள். தானாக வாசிக்கிற இசைக் கருவிகளுக்கு டோக்கன் போட வேண்டும், சில கருவி வாசிக்கிற மாதிரி பாவனை மட்டும்தான் செய்யும். எது பழம்பொருள், எது அங்கேயே செய்தது என்று சொல்லவும் மாட்டார்கள். அருங்காட்சியகம் என்று நினைத்துப் போனால் எரிச்சல் வரும், பொருட்காட்சி என்று நினைத்துப் போங்கள்.

இன்னொருவர்: ரைட் ஜோர்டனின் அப்பாவை அவமானப்படுத்தினார், அந்த வீம்பில் கட்டிய வீடு என்பது நிஜமா?

எல்லாரும் சொல்கிற கதை. சுவையான கதைதான், ஆதாரம் வலுவாக இல்லை. ஆனால் இரண்டு வீட்டையும் அடுத்தடுத்த நாளில் பார்த்தால் ஏன் இப்படி ஒரு கதை கிளம்பியது என்று விளங்கிவிடும்.

டெஸ் மொய்னிலிருந்து: ஷேக்ஸ்பியர் இங்கிலீஷ் எனக்குப் புரியுமா சார்?

சார் இல்லை, அக்கா. நான் சொன்ன காட்டு அரங்கம்தான் அமெரிக்கன் பிளேயர்ஸ் தியேட்டர், 1980 முதல் நடக்கிறது, மலைமேல் ஆயிரம் பேருக்குமேல் உட்காரலாம். கதையைப் படித்துவிட்டுப் போனால் போதும், நடிகர்கள் அவ்வளவு தெளிவாகப் பேசுகிறார்கள், பத்து நிமிடத்தில் காது பழகிவிடும். சீக்கிரமே போய் கீழே மரத்தடியில் சாப்பாட்டைப் பிரியுங்கள், எல்லாரும் அதைத்தான் செய்வார்கள், புளியோதரைக்கு அருமையான இடம். அரங்கத்துக்குக் காட்டு வழியில் ஏறி நடக்க வேண்டும். ஜூலையானாலும் போர்வை, கொசு மருந்து இரண்டும் கட்டாயம்.

சைவச் சாப்பாடு?

கையில் கொண்டுபோங்கள். புதுச் சீஸ் கர்ட்ஸ் (சின்னச் சின்னச் சீஸ் துண்டு) கிடைத்தால் வாங்குங்கள், பல்லில் கீச்சென்று சத்தம் வந்தால்தான் புதுசு.

குளிர்காலத்தில் வரலாமா?

வேண்டாம். நாடகமும் டாலியெசின் சுற்றுலாவும் வெயில் காலத்தில் நடந்து இலையுதிர் காலத்தோடு முடிந்துவிடும். அக்டோபர் முதல் பாதி என்றால் இலையெல்லாம் சிவந்திருக்கும், வாருங்கள். நாடகம் முடிந்து கிளம்பும்போது மட்டும் மெதுவாக ஓட்டுங்கள், ரோட்டில் மான் குறுக்கே பாயும். ஒன்று போனால் பின்னால் இன்னொன்று வரும்.