அருணனின் கால்கள்

ஐயா,
இத்தாலிய ஓவியர் குயிதோ ரேனியின் ‘அவ்ரோரா’ ஓவியம் பற்றிக் கட்டுரை எழுதுகிறேன். பூத்தூவும் பெண், பந்தம் ஏந்திய குழந்தை, தேரைச் சுற்றிவரும் பெண்கள் எல்லாம் எவற்றின் குறியீடுகள் என்று பட்டியலிட்டுத் தருவீர்களா? நம் வேதத்து விடியல் தெய்வம் உஷஸோடு ஒப்பிடலாமா?
வாசகி, தெகிவளை

அன்புள்ள தங்கச்சி,

பூத்தூவுபவள் விடியலின் தெய்வம். பந்தம் விடிவெள்ளி. தேரில் சூரியதேவன் அப்பொல்லோ, சுற்றிவருபவர்கள் பொழுதுகள். 1614இல் ரோமில், கர்தினால் சிப்பியோனே போர்கேசேயின் தோட்ட மாளிகைக் கூரையில் தீட்டியது. பட்டியல் முடிந்தது. ஆனால் படத்தை எவ்வளவு நேரம் பார்த்தீர்கள்? கடிதத்தில் ஒரு நிறம்கூட இல்லை. அவள் முன்னால் பறந்தபடி திரும்பித் தேரைப் பார்க்கிறாள், கீழே கடல் இன்னும் நீல இருளில் கிடக்கிறது. இவை கண்ணில் படாமல் குறியீடு தேடுவது பெரும் பிழை.

உஷஸை விடுங்கள், எல்லோரும் எழுதிவிட்டார்கள். சூரியனின் தேரோட்டி அருணனைப் பாருங்கள். சக்களத்தி கத்ருவின் முட்டைகள் பொரித்துவிட்டன என்று பொறாமல் வினதை தன் முட்டை ஒன்றை உடைத்தாள். மேலுடல் மட்டும் முற்றிய பிள்ளை வெளியே வந்தான். அவன்தான் நம் வைகறை. ரேனியின் விடியலுக்கு ஒரு குறையும் இல்லை. நம்முடையதற்குத் தொடைகள் இல்லை. இரண்டையும் ஒப்பிடுவதென்றால் இங்கேதான் தொடங்க வேண்டும்.

என் தம்பி ஏழாம் மாதத்தில் பிறந்தவன். வெள்ளவத்தை வீட்டில் அவனைப் பஞ்சுக்குள் வைத்துக்கொண்டுதான் அம்மா எனக்கு இந்தக் கதையைச் சொன்னா. சூரியன் கோபத்தில் உலகை எரிக்கப் பார்த்தபோது பிரமன் அருணனைத்தான் முன்னால் இருத்தினான். “குறைமாதப் பிள்ளைதான் முன்னுக்கு இருந்து வெக்கையைத் தாங்குது” என்பா. அந்த இடத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லுவா. பன்னிரண்டு வயதில் மகாபாரதத்தின் ஆதிபர்வத்தைப் படித்துவிட்டு, “அவன் தாயை அடிமையாகப் போ என்று சபித்தானே, அதை ஏன் சொல்லவில்லை?” என்று கேட்டேன். அம்மா ஒன்றும் பேசவில்லை. தம்பியின் தலையைத் தடவிக்கொண்டிருந்தா. அந்தக் கேள்விக்காக இன்றும் வெட்கப்படுகிறேன்.

எங்கள் கடல் மேற்கே. காலி வீதிப் பக்கம் கூரைகள் சிவந்த பிறகும் ரயில் பாதைக்கு அப்பால் நீர் கறுத்தே இருக்கும். தம்பி நடக்கப் பழகியது அந்தச் சிவப்பு நேரத்தில்தான், அம்மாவின் இரண்டு விரல்களைப் பிடித்துக்கொண்டு, மூன்று வயதில்.