பண்டைய எகிப்தின் கல்லறை ஓவியத்தில் ஒரு படகுக்குப் பாய் உண்டு, மற்றதற்கு இல்லை: ஏன்?

தீப்ஸில் (இன்றைய லக்சர்) உள்ள ஒரு கல்லறை ஓவியத்தில் இரு படகுகளில் ஒன்றுக்கு மட்டும் பாய் இருப்பது ஏன் என்று கேட்டீர்கள். அது ஓவியரின் பிழை அல்ல. பாய் விரித்த படகு தெற்கே போகிறது; பாய் இல்லாதது வடக்கே போகிறது.

நைல் தெற்கிலிருந்து வடக்கே பாய்கிறது, காற்றோ பெரும்பாலும் வடக்கிலிருந்து வீசுகிறது. ஆகவே தெற்கே போகக் காற்று உதவும். வடக்கே வர நீரோட்டமும் துடுப்பும் போதும். எகிப்தியரின் பட எழுத்திலும் இதே வழக்கம்தான்: தெற்கு நோக்கிய பயணத்துக்குப் பாயுள்ள படகுக் குறி, வடக்குக்குப் பாயற்ற குறி. ஆற்றையே திசைகாட்டியாக வைத்து எழுதிய மக்கள் அவர்கள்!

நீங்கள் சொல்லும் கல்லறை தீப்ஸில் இருப்பதால், அது பெரும்பாலும் மறுமையின் கடவுளான ஒசிரிஸின் புனித நகரான அபிடோஸுக்குப் போய்வரும் யாத்திரைக் காட்சி. அபிடோஸ் தீப்ஸுக்கு வடக்கே, ஆற்றின் கீழ்ப்போக்கில் இருக்கிறது. போகும்போது பாய் இல்லை, திரும்பும்போது உண்டு.

உறுதிசெய்ய, இரு படகுகளின் முனைகளையும் பாருங்கள். எதிரெதிர்த் திசைகளில் இருந்தால் போக்கும் வரவும்தான். பாயற்ற படகைத் துடுப்புப் படகொன்று கயிற்றால் இழுக்கிறதா, விதானத்தின் கீழ் இறந்தவர் அமர்ந்திருக்கிறாரா என்றும் கவனியுங்கள்.

ஒரு எச்சரிக்கை: இந்தக் காட்சியை வைத்து, அவர் உயிரோடு இருந்தபோது அபிடோஸுக்குப் போனார் என்று எழுதிவிடாதீர்கள். மறுமையில் ஒசிரிஸின் அருள் கிடைக்க, போகாதவர்களுக்கும் இதை வரைந்தார்கள். மேலும், தீப்ஸுக்கும் அபிடோஸுக்கும் இடையிலுள்ள கெனா வளைவில் ஆறு திசை திரும்புவதால் அங்கே காற்றுக் கணக்கு அப்படியே பொருந்தாது.