மூளை மாறுகிறதா என்று பார்க்க ஸ்கேன் எடுக்க வேண்டுமா?

கேள்வி: கடலூர் செம்மண்டலத்தில் இருக்கிறோம். மகனுக்கு நாலு வயது. போன வருஷம் ஆட்டிசம் என்று சொன்னார்கள். வாரத்தில் மூன்று நாள் பஸ்ஸில் புதுச்சேரிக்குத் தெரபிக்குக் கூட்டிப் போகிறேன். "மூளையில இருக்கிற குறை, விளையாட்டுக் காட்டினா சரியாயிடுமா?" என்று மாமியார் கேட்கிறார். ஒரு தனியார் மையத்திலோ, தெரபி மூளையையே மாற்றும், இப்போது ஒரு 'பிரெயின் மேப்பிங்', ஆறு மாதம் கழித்து இன்னொன்று எடுத்தால் மாற்றம் கண்ணுக்கே தெரியும் என்கிறார்கள். நகையை அடகு வைத்துக் கட்டலாமா? — ஒரு தாய்

பதில்: நகையை அடகு வைக்காதீர்கள். அந்தப் படம் உங்கள் மகனைப் பற்றி உருப்படியாக எதையும் சொல்லாது. ஆனால் தெரபி மூளைவரை எட்டுகிறது என்பது உண்மை. இந்த இரண்டையும் சேர்த்தே விளக்குகிறேன், அதில் மாமியாருக்கும் பதில் இருக்கிறது.

அவர் கேட்பது நியாயமான கேள்விதான். ஆட்டிசம் வளர்ப்பில் வந்த குறையல்ல. மூளை வளரும் விதத்திலேயே உள்ள வேறுபாடு. அதற்காக, பிறந்தபோது இருந்த மூளை அப்படியே இருந்துவிடும் என்று அர்த்தமில்லை. சைக்கிள் ஓட்டப் பழகினாலும் கோலம் போடப் பழகினாலும் நரம்பணுக்களுக்கு இடையே சில இணைப்புகள் வலுப்படும், சில தளரும். சிறு வயதில் இந்த இணைப்புகள் தேவைக்கு மேல் உண்டாகி, பயன்படாதவை பிறகு கழிந்துபோகும். 2014இல் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இறந்தவர்களின் மூளைத் திசுவில் இதைப் பார்த்தார்கள். ஆட்டிசம் இல்லாதவர்களிடம் குழந்தைப் பருவம் முடியும்போது இணைப்புகள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தன. ஆட்டிசம் உள்ளவர்களிடம் 16 சதவீதம்தான் குறைந்திருந்தன. தெரபி செய்தால் இணைப்புகள் இப்படிக் கழிவது சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அதற்கு ஆதாரம் இல்லை.

ஆதாரம் இருப்பது வேறொரு இடத்தில். அமெரிக்காவில் ஜெரால்டின் டாசன் குழுவினர், ஒன்றரை முதல் இரண்டரை வயதுவரையான 48 குழந்தைகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு, விளையாட்டின் வழியே நடக்கும் 'ஏர்லி ஸ்டார்ட் டென்வர் மாடல்' தெரபி இரண்டு வருஷம். மறுபாதி, அவரவர் ஊரில் கிடைத்த சிகிச்சைக்குப் போனது. பிற்பாடு தலையில் சென்சார் வலை மாட்டி, முகங்களையும் பொருட்களையும் காட்டி, மூளையின் மின்னலைகளைப் பதிந்தார்கள். டென்வர் குழுவின் மூளை பொருளைவிட முகத்துக்கு விரைவாகப் பதில் கொடுத்தது. ஆட்டிசம் இல்லாத குழந்தைகளிடமும் அப்படித்தான். மற்றக் குழுவில் நேர்மாறு. இது 2012இல் வெளியானது. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழுவையும் வைத்து, தெரபிக்கும் மூளை வேலை செய்யும் விதத்துக்கும் உள்ள தொடர்பைக் காட்டிய முக்கியமான ஆய்வு என்று இதைத்தான் நான் சொல்வேன்.

யேல் பல்கலைக்கழகத்தில் 'பிவோட்டல் ரெஸ்பான்ஸ்' என்ற தெரபிக்கு முன்னும் பின்னும் எஃப்.எம்.ஆர்.ஐ. (மூளையின் எந்தப் பகுதி எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் ஸ்கேன்) எடுத்துப் பார்த்தார்கள். முதலில் இரண்டே குழந்தைகள். 2015இல் வெளிவந்த அடுத்த ஆய்வில் பத்துக் குழந்தைகள், 16 வாரம். பிறருடைய அசைவைப் புரிந்துகொள்ள உதவும் ஒரு பகுதி காதுக்கு மேலே, மூளையின் பக்கவாட்டில் இருக்கிறது. தொடக்கத்தில் அது மந்தமாக இருந்த குழந்தைகளிடம் வேலை கூடியது. தொடக்கத்திலேயே மிகையாக இயங்கிய குழந்தைகளிடம், உணர்ச்சியோடு தொடர்புள்ள உள்பகுதிகளில் வேலை குறைந்தது. அதாவது ஒரே தெரபி, எதிரெதிர் திசையில் மாற்றம்.

இதை வைத்து அந்த மேப்பிங்கை யோசித்துப் பாருங்கள். கூடினால் நல்லதா, குறைந்தால் நல்லதா என்பதே குழந்தைக்குக் குழந்தை மாறுகிறது. ஆய்வில் கிடைப்பது ஒரு குழுவின் சராசரி. ஒரு தனிக் குழந்தையின் படத்தை எடுத்து 'முன்னேறிவிட்டான்' என்று படிக்க அதில் வழியில்லை. 'பிரெயின் மேப்பிங்' என்று பெரும்பாலும் விற்கப்படுவது ஈ.ஈ.ஜி. (மூளையின் மின்னலைகள்) பதிவைக் கணினியில் வண்ணப்படமாக்கித் தருவது. பையன் தூக்கக் கலக்கத்தில் இருந்தாலோ, நெளிந்தாலோ, கண் சிமிட்டினாலோ நிறம் மாறிவிடும். நாலு வயதிலிருந்து நாலரை வயதாவதற்குள் மூளை தானாகவும் வளர்ந்திருக்கும். இரண்டு படத்துக்கும் வித்தியாசம் கட்டாயம் இருக்கும். அது தெரபியால் வந்தது என்று எப்படிச் சொல்வது?

சரி, விளையாட்டு எப்படி மூளைக்குப் போகிறது? ஓர் உதாரணம் சொல்கிறேன், நீங்கள் பஸ்ஸிலேயே செய்யலாம். தென்பெண்ணைப் பாலத்தில் பஸ் ஏறியதும் கைப்பிடிச் சுவரின் கம்பிகள் விர்ரென்று ஓடுவதை உங்கள் மகன் வைத்த கண் வாங்காமல் பார்ப்பானாக இருக்கும். முகத்தைத் திருப்பி "அம்மாவைப் பாரு" என்காதீர்கள். நீங்களும் அதே ஜன்னலுக்குக் குனிந்து, அவன் பார்ப்பதைப் பாருங்கள். "கம்பி... கம்பி... கம்பி" என்று அந்த வேகத்துக்கே சொல்லுங்கள். அடுத்த முறை பாலம் வரும் முன் "பாலம் வருது... பாலம்..." என்று இழுத்து நிறுத்திவிட்டு, மனதுக்குள் பத்து எண்ணுங்கள். அந்த இடைவெளிதான் முக்கியம். அவன் ஒரு சத்தம் போட்டாலும், உங்கள் கையைத் தட்டினாலும், ஓரக்கண்ணால் ஒரு பார்வை பார்த்தாலும் உடனே "வந்தாச்சு, பாலம்!" என்று கொண்டாடுங்கள். அவனுக்கு ஏற்கெனவே பிடித்த ஒன்றோடு உங்கள் குரலும் முகமும் சேர்ந்து வருகின்றன. தான் ஏதோ செய்தால் அம்மா பதில் தருகிறாள் என்பதும் சேர்கிறது. இப்படி நாளுக்குப் பல முறை, மாதக்கணக்கில் நடக்கும்போதுதான் மூளை கற்கிறது. வாரம் மூன்று முறை அறைக்குள் நடக்கும் தெரபி அதற்குத் தொடக்கம் மட்டுமே.

நான் சொல்வது ஆறுதல் வார்த்தை அல்ல. கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வில், நிபுணர் அல்லாத சுகாதாரப் பணியாளர்கள் பெற்றோருக்கு இதுபோன்ற பழக்கத்தைக் கற்றுத் தந்தார்கள். பெற்றோர் குழந்தையின் போக்கைப் பின்பற்றுவது கூடியது; குழந்தைகள் தாமாகத் தொடர்புகொள்வதும் கூடியது. எனவே தெரபிஸ்ட்டிடம் உரிமையோடு கேளுங்கள்: "நானும் உள்ளே உட்காரட்டுமா? இந்த வாரம் வீட்டில் என்ன செய்யணும்?" அம்மாவை வெளியே உட்காரவைத்துக் கதவைச் சாத்தும் இடத்தைவிட, உள்ளே கூப்பிட்டுச் சொல்லித் தரும் இடமே நல்லது என்பது என் கருத்து.

அப்புறம் ஒன்று. தாடையைப் பிடித்துக் கண்ணைப் பார்க்கவைக்கும் பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. 2017இல் வெளியான ஓர் ஆய்வில், கண்களை மட்டுமே பார்க்கும்படி செய்தபோது ஆட்டிசம் உள்ளவர்களின் மூளையில் உணர்ச்சிகளைக் கையாளும் உள்பகுதிகள் அளவுக்கு மீறி இயங்கின. கண்ணைப் பார்க்காமல் இருப்பது அலட்சியம் இல்லை, அப்படிப் பார்ப்பது அவர்களுக்குத் தாங்க முடியாமல் இருக்கிறது. ஆட்டிசத்தை அழிப்பது தெரபியின் வேலையே அல்ல. தண்ணீர் வேண்டும், வலிக்கிறது, வேண்டாம் என்பதை அவன் ஏதோ ஒரு வழியில், படத்தைக் காட்டியாவது, சொல்ல முடிய வேண்டும். படம் பழக்கினால் பேச்சு வராது என்ற பயம் வேண்டாம். ஆய்வுகள் அப்படிக் காட்டவில்லை.

மாற்றத்தை அளக்க ஒரு நாற்பது பக்க நோட்டுப் போதும். வாரம் ஒருமுறை எழுதுங்கள்: தானாக என்னென்ன கேட்டான், எப்படிக் கேட்டான், பெயர் சொன்னால் திரும்பினானா, எதற்கு அழுதான், எவ்வளவு நேரத்தில் அடங்கினான். மூன்று மாதக் குறிப்பைத் தெரபிஸ்ட்டிடம் காட்டுங்கள். எதுவுமே அசையவில்லை என்றால் முறையை மாற்றச் சொல்லுங்கள்.

பணத்தைப் பற்றி: மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை நடத்தும் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை உண்டு, தெரபிச் செலவுக்கும் அதில் இடம் இருக்கிறது. ஊனச் சான்றிதழ் வாங்கி விண்ணப்பியுங்கள். குழந்தைகளின் வளர்ச்சிக் குறைபாடுகளுக்குச் சிறு வயதிலேயே சிகிச்சை தரும் ஆரம்பநிலை இடையீட்டு மையத்தைப் பற்றிக் கடலூர் அரசு தலைமை மருத்துவமனையில் விசாரியுங்கள். அங்கேயே தெரபி கிடைத்தால் பஸ் அலைச்சலும் குறையும். ஸ்டெம் செல் ஊசி என்று யாராவது சொன்னால் பக்கமே போகாதீர்கள். ஆட்டிசத்துக்கு அதைப் பரிந்துரைக்க முடியாது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இலேயே சொல்லிவிட்டது.

மூளைப் பரிசோதனை தேவைப்படும் சமயங்களும் உண்டு. பையன் திடீரென்று வெறித்துப் பார்த்தபடி நின்றுவிட்டால், கைகால் வெட்டி வெட்டி இழுத்தால், பேசிய வார்த்தைகளும் செய்த வேலைகளும் மறைந்துபோனால் ஈ.ஈ.ஜி., சில நேரம் எம்.ஆர்.ஐ. அவசியமாகும். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு வலிப்பு வரும் வாய்ப்பு கூடுதல். அப்படி ஏதாவது கண்டால் தாமதிக்காமல் கோரிமேடு ஜிப்மருக்கோ உங்கள் குழந்தை நல மருத்துவரிடமோ போங்கள். முடிந்தால் அந்த நேரத்தில் போனில் வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், டாக்டருக்கு அது மிகவும் உதவும்.