பதிவை நீக்கினால் பேச்சுரிமை பறிபோனதாகுமா?

கேள்வி: எங்கள் ஊர் ஏரியில் ஆலைக் கழிவு கலப்பதைப் படத்துடன் ஒரு பெரிய சமூக வலைத்தளத்தில் எழுதினேன். ‘சமூக நெறிமுறைகளுக்கு எதிரானது’ என்ற ஒற்றை வரியோடு நீக்கிவிட்டார்கள். இது அரசியலமைப்புச் சட்டம் எனக்கு அளித்துள்ள பேச்சுரிமைக்கு எதிரானது அல்லவா? வழக்குத் தொடுக்கலாமா?
- வாசகர், வேலூர் மாவட்டம்

பதில்: பேச்சுரிமையை அளிக்கும் அரசியலமைப்புச் சட்டத்தின் 19-ஆவது பிரிவு முதன்மையாகக் கட்டிப்போடுவது அரசின் கையை. இணையத்தில் ‘எரிச்சலூட்டும்’ வகையில் எழுதினாலே சிறை என்றிருந்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015-இல் ரத்து செய்தது, அது அரசு இயற்றிய சட்டம் என்பதால்தான். தனியார் நிறுவனமோ, தன் தளத்தில் எது இருக்கலாம் என்று தானே விதி வகுத்துக்கொள்கிறது. கணக்குத் தொடங்கும்போது படிக்காமலே அதற்கு நாம் சம்மதம் கொடுத்துவிடுகிறோம்.

அந்த விதிகள் எவ்வளவு கண்மூடித்தனமாகச் செயல்படக்கூடும் என்பதற்கு மூத்த வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் அனுபவமே சாட்சி. 1936-இல் ஹாம்பர்க் கப்பல் கட்டும் தளத்தில் கூட்டமே நாஜி வணக்கம் செலுத்த, ஒருவர் மட்டும் கைகட்டி நிற்கும் புகழ்பெற்ற படத்தை அவர் தம் ட்விட்டர் பக்கத்தின் முகப்பில் வைத்திருந்தார். நாஜிகளை எதிர்க்கும் அந்தப் படத்தையே வெறுப்புப் படம் என்று கருதி 2019-இல் அவர் கணக்கை முடக்கினார்கள். அவர் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனபோது, தான் அரசு அல்ல, பொதுப்பணி ஆற்றும் அமைப்பும் அல்ல, ஆகவே தன்மீது நீதிப்பேராணை (ரிட்) மனு செல்லாது என்பதே நிறுவனத்தின் வாதமாக இருந்தது. 2023 ஜனவரியில், அமைச்சர்களின் பேச்சு தொடர்பான வழக்கில், 19-ஆவது பிரிவு உரிமைகளைத் தனியாருக்கு எதிராகவும் நிலைநாட்டலாம் என்று உச்ச நீதிமன்ற அமர்வு பெரும்பான்மையாகக் கூறியது உண்மைதான். ஆனாலும், அதை மட்டும் நம்பி ஒரு பதிவுக்காக வழக்குச் செலவில் இறங்கும்படி நான் சொல்ல மாட்டேன்.

உங்களுக்கு அருகிலேயே வேறு வழி இருக்கிறது. 2021-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி, இந்தியாவில் 50 லட்சத்துக்கு மேல் பயனர்களைக் கொண்ட தளம் தானாக ஒரு பதிவை நீக்கினால், காரணத்தைத் தெரிவித்து, மறுப்புச் சொல்லவும் வாய்ப்பளிக்க வேண்டும். ஒற்றை வரி போதுமான காரணமாகாது என்று அத்தளத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். அவருடைய முடிவு திருப்தியளிக்காவிட்டால், 30 நாட்களுக்குள் குறைதீர்ப்பு மேல்முறையீட்டுக் குழுவிடம் இணையவழியே முறையிடலாம். அக்குழுக்களை நியமிப்பது மத்திய அரசே என்பது எனக்கு உறுத்தலாகத்தான் இருக்கிறது; அரசை விமர்சித்த பதிவு ஒன்று அங்கே எப்படி எடைபோடப்படும் என்ற ஐயம் இயல்பானது. உங்கள் பதிவு ஓர் ஆலையைப் பற்றியது என்பதால் அந்தத் தயக்கம் தேவையில்லை. நீக்க அறிவிப்பின் திரைப்பிடிப்பையும் தேதியையும் மட்டும் பத்திரப்படுத்திக்கொள்ளுங்கள்.

இதற்கிடையில் அதே படங்களை இணைத்து, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கு சேர்ந்ததற்கான ஒப்புகையுடன் விரைவுத் தபாலில் புகார் அனுப்பிவிடுங்கள். ஏரியில் கழிவு கலப்பதை நிறுத்தும்படி உத்தரவிட வாரியத்துக்கு அதிகாரம் உண்டு, வலைத்தளத்துக்கு இல்லை.