நரம்புத் தளர்ச்சிக்கு அமுக்கரா சூரணம் ஏன் கொடுக்கிறார்கள்?

நரம்புத் தளர்ச்சி என்று நாம் பேச்சில் சொல்வது பெரும்பாலும் நாள்பட்ட மன அழுத்தமும் தூக்கக் குறைவும் கொண்டுவரும் அசதிதான். அமுக்கரா கிழங்கைப் பால் ஆவியில் அவித்து, உலர்த்தி, இடித்து, சுக்கு, மிளகு, திப்பிலி, ஏலம், சர்க்கரை எல்லாம் சேர்த்தால் சூரணம். பச்சைக் கிழங்கில் குதிரை வாடை அடிக்கும்; அசுவகந்தா என்ற பெயர் அதனால்தான்.

அசதிக்குக் காபி குடிப்பது, களைத்த மாட்டைச் சாட்டையால் அடிப்பது மாதிரி. இந்தச் சூரணம் மாட்டை அவிழ்த்துவிட்டுத் தீனி வைப்பது. மன அழுத்தத்தில் கூடும் கார்டிசால் என்ற ஹார்மோன் குறைவதும் தூக்கம் சற்று மேம்படுவதும் அமுக்கரா பற்றிய சிறிய ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. பலன் தெரிய வாரக்கணக்கில் ஆகும். சாப்பிடத் தொடங்கும் முன் ரத்தசோகை, தைராய்டு இருக்கிறதா என்று கட்டாயம் சோதித்துவிடுங்கள்.

மூலிகைதானே, யாரும் சாப்பிடலாம் என்பது தவறு: அரிதாகக் கல்லீரல் பாதிப்பு பதிவாகியிருக்கிறது, கர்ப்பிணிகளுக்கு இது ஆகவே ஆகாது.